சோளமணியின் புள்ளிகளைப் படித்தவர்

தேர்வு எழுதியாகிவிட்டது. எல்லாக் கேள்விகளுக்கும் ஆசை தீர பதில் எழுதியாயிற்று. கடைசியாக விடைத்தாளில் பெயர் எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தன் பெயர் ஞாபகம் வரவில்லை!

பக்கத்தில் இருப்பவரிடம், 'என் பேர் என்னங்க?' என்று கேட்க முடியுமா? பைத்தியம் என்றல்லவா நினைப்பார்கள். சுமார் 20 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்த பிறகுதான் பெயர் நினைவுக்கு வந்தது. பார்பரா மெக்ளின்டாக். இடம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். பாடம், நிலவியல். பாடத்தில் மூழ்கியபோது தன்னையே மறந்துபோனதைப் பிற்காலத்தில் பார்பராவே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

அந்தப் பெயரும் பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. 1902 ஜூன் 16 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்த குழந்தைக்கு முதலில் எலனார் என்றுதான் பெயர் வைத்தார்கள். குழந்தையின் குணத்தைப் பார்த்த பெற்றோருக்கு, இவளுக்கு இவ்வளவு மென்மையான பெயர் பொருந்தாது என்று தோன்றிவிட்டது. பார்பரா என்று மாற்றிவிட்டார்கள். சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போகிறேன் என்று பார்பரா சொன்னபோது அம்மாவுக்குச் சம்மதமில்லை. பெண் அதிகம் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்கிற கவலை. எந்த ஊர் அம்மாவாக இருந்தால் என்ன, அந்தக் கவலை ஒன்றுதான். முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் போயிருந்த அப்பா திரும்பி வந்து மகள் பக்கம் நின்றார். 1919-ல் கார்னெலின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார் பார்பரா. முதலாண்டு மாணவிகளின் தலைவியானார், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார், ஜாஸ் இசைக்குழுவில் பான்ஜோ வாசித்தார். அம்மா பயந்தபடியே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையைக் கட்டிப்போட்டது ஒரு செடி. மக்காச்சோளம்.

ஏன் மக்காச்சோளம் என்று கேட்கலாம். ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பிள்ளை. ஒரே தாய்க்குப் பிறந்த சில நூறு பிள்ளைகள், பள்ளிக்கூட புகைப்படத்துக்கு நிற்பதுபோல வரிசையாக நிற்கிறார்கள். நாம் கடையில் பார்ப்பது பெரும்பாலும் மஞ்சளும் வெள்ளையும்தான். ஆனால் மக்காச்சோளத்தில் ஊதா, சிவப்பு, பழுப்பு, புள்ளி போட்டது, கோடு போட்டது என்று எத்தனையோ உண்டு. யாருக்கு எந்தக் குணம் போயிருக்கிறது என்பது கதிரிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

பார்பராவுக்குப் படிக்கத் தெரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் மக்காச்சோளத்தின் பத்து ஜோடி குரோமோசோம்களையும் ஒவ்வொன்றாக இனம்பிரித்துக் காட்டியவர் அவர்தான். 1927-ல் டாக்டர் பட்டம். 1931-ல் ஹேரியட் கிரெய்ட்டன் என்ற மாணவியோடு சேர்ந்து, பெற்றோரின் குணங்கள் கலந்து புதுச் சேர்க்கையாகப் பிள்ளைக்குப் போகும்போது குரோமோசோம்கள் உண்மையிலேயே தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்பதைக் கண்ணால் காணும்படி நிரூபித்தார். மரபியல் பாடப்புத்தகத்தில் இன்றும் இருக்கிற ஆய்வு. அப்போது பார்பராவுக்கு வயது 29.

பேர் கிடைத்தது, நிரந்தர வேலை கிடைக்கவில்லை. உதவித்தொகைகளில் காலம் ஓடியது. நடுவில் ஜெர்மனிக்குப் போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்த நேரம், அங்கே இருக்கப் பிடிக்காமல் சீக்கிரமே திரும்பிவிட்டார். மிசூரி பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். இங்கே நமக்கு எதிர்காலம் இல்லை என்று தோன்ற, 1941-ல் அதையும் விட்டார். சோளம் விதைக்க இடம் வேண்டுமே என்பதுதான் அப்போது அவருடைய பெரிய கவலை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டு கடலோரத்தில் இருக்கிற கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு, 1992-ல் கண் மூடும்வரை அதுதான் அவர் ஊர்.

அந்த வயலில் வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் ஆண் பூ செடியின் உச்சியில் இருக்கும். பெண் பூதான் நடுவில் கதிராகிறது. அதன் நுனியில் பட்டுநூல் போலத் தொங்குகிறதே, அதில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குப் போகும் வழி. காற்றில் வருகிற ஊர்பேர் தெரியாத மகரந்தம் அதில் விழுந்துவிட்டால் அந்தச் செடியின் கணக்கு மொத்தமும் பாழ். அதனால் ஆண் பூவுக்கும் காகிதப் பை, கதிருக்கும் காகிதப் பை. பிறகு எந்தச் செடியின் மகரந்தத்தை எந்தக் கதிரில் தூவ வேண்டுமோ, அதைத் தன் கையாலேயே தூவினார். நட்டது, தண்ணீர் விட்டது, அட்டை எழுதிக் கட்டியது எல்லாம் அவரே. வருஷத்துக்கு ஒரு கோடை, ஒரு விளைச்சல். இன்று ஒரு சந்தேகம் வந்தால், அடுத்த கோடையில்தான் பதில்.

1944-ல் அவர் நட்ட செடிகள் கொஞ்சம் வித்தியாசமானவை. குரோமோசோம் உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்து சீரழிந்த பரம்பரை. அவற்றின் பிள்ளைகளில்தான் விசித்திரங்கள் தெரிந்தன. இலைகளில் கோடுகளும் திட்டுகளும், மணிகளில் புள்ளிகளும்.

ஓர் இலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திட்டுகள் இருந்தன. செடியின் மற்ற இடங்களில் உள்ள கோடுகளைவிட ஒரு திட்டில் கோடுகள் அதிகம். ஒட்டியிருக்கும் மற்றொன்றில் குறைவு. இரண்டுமே ஒரே செல் இரண்டாகப் பிரிந்து உண்டானவை. அதாவது இரட்டைப் பிள்ளைகள். பிரியும்போது ஒருவன் ஏதோ ஒன்றை இழந்திருக்கிறான், அதையே இன்னொருவன் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று பார்பராவுக்குப் பட்டது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன? அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஐந்தாறு கோடைகள் ஆயின.

அந்தக் காலத்துப் பாடம் என்னவென்றால், ஜீன்கள் நூலில் கோத்த முத்துகள் போல. அவரவர் இடத்தில் அவரவர். இடம் மாறாது. அதை நம்பித்தான் எந்த ஜீன் எங்கே இருக்கிறது என்று வரைபடமே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரைபடம் போடுவதில் பார்பராவும் ஒரு கைகாரர்தான்.

அவர் சோளத்தின் ஒன்பதாவது குரோமோசோம் எப்போதும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் உடைந்தது. அங்கே ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 'டிஎஸ்' என்று பெயர் வைத்தார். ஆனால் டிஎஸ் தானாக எதுவும் செய்யவில்லை. செடியில் இன்னொன்றும் இருந்தால்தான் உடைந்தது. அந்த இன்னொன்றுக்கு 'ஏசி'. சாவி இல்லாத வண்டி டிஎஸ் என்றால், ஏசியிடம் சாவி இருக்கிறது. தன் வண்டியையும் ஓட்டும், அடுத்தவன் வண்டியையும் கிளப்பிவிடும். 1948 வாக்கில் அவருக்கே தூக்கிவாரிப்போட்ட விஷயம் புலப்பட்டது. டிஎஸ் பழைய இடத்தில் இல்லை. குரோமோசோமில் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது!

இப்போது மணியின் புள்ளிகளைப் படிக்கலாம். மணியின் தோலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய அடுக்குக்கு ஊதா நிறம் தருவது ஒரு ஜீன். டிஎஸ் போய் அந்த ஜீனுக்குள் உட்கார்ந்தால் ஜீன் கெட்டுவிடும், மணி நிறமில்லாமல் வெளுத்துவிடும். ஆனால் மணி வளரும்போதே ஏசியின் தயவால் ஏதாவது ஒரு செல்லில் டிஎஸ் எழுந்து போய்விட்டால்? அந்த ஜீன் பிழைத்துக்கொள்ளும். அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் ஊதாவாகிவிடும். வெளுத்த மணியில் ஊதாப் புள்ளி. சீக்கிரமே எழுந்து போனால் வாரிசுகள் அதிகம், பெரிய திட்டு. கடைசி நேரத்தில் போனால் பொடிப்புள்ளி. செடியில் ஏசி எத்தனை இருக்கிறதோ அதைப் பொறுத்தும் புள்ளி மாறியது. எண்ணிக்கை கூடக் கூட, டிஎஸ் தாமதமாக எழுந்தது, புள்ளி சின்னதானது. புள்ளியின் அளவை வைத்தே உள்ளே ஏசி ஒன்றா, இரண்டா, மூன்றா என்று சொல்ல முடிந்தது. டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவம்கூடக் கண்டுபிடிக்கப்படாத காலம். கையில் இருந்தது ஒரு மைக்ரோஸ்கோப்பும், காகிதப் பைகளும், கதிர்களும் மட்டும்.

1950-ல் கட்டுரை எழுதினார். 1951 கோடையில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரிலேயே நடந்த கருத்தரங்கில் எல்லாவற்றையும் விளக்கிப் பேசினார். சாதாரண ஆள் இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான மூன்றாவது பெண், மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர். அப்படிப்பட்டவர் பேசி முடித்ததும், கூட்டத்திடமிருந்து பெரிதாகச் சத்தமே இல்லை. பலருக்குப் புரியவில்லை. சிலருக்கு எரிச்சல்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள். உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது, யாருமே நம்பவில்லை, 30 வருஷம் கழித்து உலகம் மன்னிப்புக் கேட்டது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது முழுக்க அப்படி இல்லை. சோளத்தில் வேலை செய்த மற்ற விஞ்ஞானிகள் சில ஆண்டுகளிலேயே ஜீன் இடம் மாறுவதைத் தங்கள் வயலிலும் பார்த்து உறுதிசெய்தார்கள். விஸ்கான்சினில் அலெக்சாண்டர் பிரிங்க், அடுத்துப் பீட்டர் பீட்டர்சன். 'சோளத்தில் நடக்கலாம். மற்ற உயிர்களில்?' என்பது ஒரு சந்தேகம். இன்னொன்று, பார்பரா வெறுமனே 'ஜீன் தாவுகிறது' என்று சொல்லவில்லை. ஒரு விதை எப்படி வேராகவும் இலையாகவும் பூவாகவும் வளர்கிறது என்பதையே இந்தத் தாவல்கள்தான் கட்டுப்படுத்துகின்றன என்றார். அதனால்தான் 'தாவும் ஜீன்' என்று சொல்லாமல் 'கட்டுப்படுத்தும் கூறுகள்' என்று பெயர் வைத்தார். சக விஞ்ஞானிகள் தயங்கியது அதில்தான். அந்தப் பகுதி அவர் நினைத்தபடி நிரூபணமாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பெருமை அதனால் குறையப்போவதில்லை.

ஆனால் மனசு புண்பட்டது நிஜம். 1953-க்குப் பிறகு பெரிய ஆய்வு இதழ்களில் இதைப் பற்றி விரிவாக எழுதுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திக்கொண்டார். யாரும் அதிகம் புரட்டாத நிறுவன ஆண்டறிக்கையில் மட்டும் வருஷா வருஷம் எழுதிவைத்தார். வேலையை நிறுத்தவில்லை. கோடை வந்தால் விதைத்தார். நடுவில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் நாட்டுச் சோள ரகங்களை ஆராயும் பெரிய பணியிலும் இறங்கினார்.

1960-களின் கடைசியில் பாக்டீரியாவில் இப்படித் தாவும் துண்டுகளைக் கண்டார்கள். கொஞ்ச நாளில் ஈஸ்ட்டில், பழ ஈயில். ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த எதிர்ப்புச் சக்தியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்வதிலும் இந்தத் துண்டுகளுக்குப் பங்கு இருக்கிறது என்று தெரிந்தபோது, கடலோர வயல்காரியின் பழைய அறிக்கைகளைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

1983 அக்டோபர் 10. மருத்துவத்துக்கான நோபல் பரிசு, யாரோடும் பங்கில்லாமல், தனியாக பார்பரா மெக்ளின்டாக்குக்கு. வயது 81. வீட்டில் டெலிபோன் கிடையாது. ரேடியோவில்தான் செய்தி கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம்போல வாதுமைக் கொட்டை பொறுக்கக் கிளம்பிவிட்டார். அந்தக் கொட்டைகளைப் போட்டு அவர் செய்கிற பிரவுனி ஆய்வகத்தில் பிரசித்தம். இத்தனை வருஷம் சோளச்செடியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி அனுபவித்த சந்தோஷமே போதும், அதற்குப் பரிசு வேறு தருவது நியாயமா என்பதுபோலத்தான் அவர் பேச்சு இருந்தது.

சரி, இதனால் விவசாயத்துக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு...

முதலில் பட்டாணி. மெண்டல் பாதிரியார் உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் ஒட்டுச் சேர்த்துத்தான் மரபியலுக்கே பிள்ளையார் சுழி போட்டார். அந்தப் பட்டாணி ஏன் சுருங்கியது? 1990-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் பார்த்தார்கள். மாவுச்சத்து செய்யும் ஜீனுக்குள், பார்பராவின் ஏசி, டிஎஸ்ஸுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு தாவும் துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது! மாவாக வேண்டிய சர்க்கரை சர்க்கரையாகவே தங்கிவிடுகிறது. அதனால் காய் இனிக்கும், காய்ந்தால் சுருங்கும். பச்சையாக உரித்துச் சமைக்கிற இனிப்புப் பட்டாணியின் ருசிக்குக் காரணம் அந்த விருந்தாளி.

சிசிலித் தீவின் ரத்த ஆரஞ்சு இன்னும் சுவாரஸ்யம். சுளை ரத்தம்போலச் சிவந்திருக்கும். நிறம் தரும் ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு தாவும் துண்டு. அது குளிர் பட்டால்தான் விழித்துக்கொண்டு ஜீனைத் தட்டி எழுப்பும். ராத்திரிக் குளிர் நன்றாக இருக்கிற இடத்தில்தான் அந்த ஆரஞ்சு சிவக்கும். வெயில் ஊரில் அதே மரத்தை வைத்தால் சிவப்பு பிடிப்பதில்லை. 2012-ல் தெரிந்த ரகசியம் இது. வெள்ளைத் திராட்சை வெளுத்ததற்கும் இப்படியொரு துண்டுதான் காரணம்.

மக்காச்சோளமே மக்காச்சோளமானதிலும் இவர்கள் கை இருக்கிறது. அதன் மூதாதை மெக்சிகோவின் தியோசின்ட்டே என்ற புல். புதர்போலக் கிளைவிடும், கதிரில் கல் போன்ற பத்துப் பன்னிரண்டு விதைகள் இருந்தால் அதிகம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த உழவர்கள் கிளை குறைந்த, கதிர் பெருத்த செடிகளின் விதையைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தார்கள். கிளையைக் கட்டுப்படுத்தும் ஜீனுக்குத் தள்ளி ஒரு தாவும் துண்டு உட்கார்ந்து, அந்த ஜீனை முடுக்கிவிட்டிருந்ததை 2011-ல் கண்டார்கள். துண்டு வந்து உட்கார்ந்தது மனிதன் சோளத்தைக் கையில் எடுப்பதற்கும் முன்பு. அதைத் தேர்ந்தெடுத்தது உழவர்களின் கண்.

இவை தானாக நடந்தவை. விஞ்ஞானிகள் இதை வேலைக்கும் வைத்துக்கொண்டார்கள். புது வீட்டில் எந்த ஃப்யூஸ் எந்த அறைக்கு என்று எழுதவில்லை என்றால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த அறை இருட்டாகிறது என்று பார்ப்போம். அதேதான். தாவும் துண்டைச் செடியில் ஓடவிடுவார்கள். அது ஏதோ ஒரு ஜீனில் போய் உட்காரும். நோயே வராத செடிக்குத் திடீரென்று நோய் வந்தால், அந்தத் துண்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினால் போதும். காவல் காத்த ஜீன் அங்கே இருக்கும். தக்காளியில் இலைப்பூசணத்தை எதிர்க்கும் ஜீனும், புகையிலையில் தேமல் வைரஸை எதிர்க்கும் ஜீனும் 1994-ல் இப்படித்தான் அகப்பட்டன. பிடித்துக்கொடுத்தது பார்பராவின் அதே ஏசி, டிஎஸ் குடும்பம். சோளத்திலிருந்து எடுத்து அந்தச் செடிகளுக்குள் விட்டிருந்தார்கள்.

நெல்லில் ஜப்பானியர்கள் வேறு வழி கண்டார்கள். 'டாஸ்17' என்று ஒரு துண்டு. வயலில் இருக்கும்வரை தூங்கும். ஆய்வகத்தில் நெல்லின் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால், அந்தச் சங்கடத்தில் விழித்துக்கொண்டு பிரதிகளைப் பரப்பும். மறுபடி செடியாக வளர்த்தால் தூங்கிவிடும். அதை வைத்துச் சுமார் 50,000 நெல் வரிசைகளை உருவாக்கி, எந்த ஜீன் கெட்டால் நெல் குட்டையாகிறது, எது கெட்டால் மணி மாறுகிறது என்று பார்த்தார்கள். உயிருக்கு நெருக்கடி வரும்போது இந்தத் துண்டுகள் விழித்துக்கொள்ளும் என்பதுதான் பார்பரா தன் நோபல் உரையில் வற்புறுத்திச் சொன்ன விஷயம். அவருடைய ஏசியும் டிஎஸ்ஸும் குரோமோசோம் உடைந்த நெருக்கடியில்தானே வெளிப்பட்டன.

விழித்துக்கொண்டால் எல்லாம் நன்மை என்றும் இல்லை. நம் டி.என்.ஏ-விலும் கிட்டத்தட்ட பாதி இப்படி எப்போதோ தாவி வந்த துண்டுகளும் அவற்றின் மிச்சமும்தான். பெரும்பாலானவை அசைவதில்லை. அரிதாக ஒன்று தாவி, ரத்தம் உறையவைக்கும் ஜீனில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு ஹீமோஃபிலியா வந்ததையும் 1988-ல் கண்டிருக்கிறார்கள்.

நோபலுக்குப் பிறகு பார்பராவைத் தேடிக் கூட்டம் வந்தது. அது அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. வேலை நேரம் போகிறதே! 1992 ஜூனில் அவருடைய 90-வது பிறந்த நாளுக்கு நண்பர்களும் சிஷ்யர்களும் சேர்ந்து அவர் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பு தயாரித்துக் கையில் கொடுத்தார்கள். செப்டம்பர் 2-ம் தேதி காலமானார்.

இரண்டு மாதம் கழித்து, நவம்பர் முதல் வாரத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. செடிகளில் நோயை எதிர்க்கும் ஒரு ஜீனை முதன்முதலாகப் பிரித்து எடுத்துவிட்ட செய்தி. இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் பூசணத்தின் விஷத்தை முறிக்கிற ஜீன். அதைத் தேடிப் பிடிக்க உதவியது தாவும் ஜீன்கள். கிடைத்த இடம், மக்காச்சோளம்.